பழைய கோயிலுக்கு உழவாரம் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்து நான்கு. வரலாறு நான் கல்லூரியில் படித்த பாடம் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதச் சனிக்கிழமை, தோழி கூப்பிட்டாளே என்று ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறு கோயிலுக்குப் போனேன். பதினைந்து பேர் அளவில் ஒரு வரலாற்று ஆர்வலர் குழு அங்கே வந்திருந்தது. அதில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் அழைப்பார்கள். நன்றாக இருட்டும்வரை எங்களை உட்காரவைத்துவிட்டு, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். பகலெல்லாம் வெறும் கருங்கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று அவர் வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு மேனி சிலிர்த்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நிலம் எழுதிவைத்ததை, எல்லை சொன்னதை, சாட்சிக் கையெழுத்துப் போட்டதை, காய்கறி வாங்கப் போகிற பையோடு வந்திருந்த நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றே குழுவில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்ததற்கு இன்றும் வருந்தவில்லை. ஆனால் அடுத்த ஒன்பது மாதங்களில் நடந்ததை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பல தவறுகளைத் தவிர்த்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி நவம்பரில் விழுந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம் கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பொதுமக்களைப் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைக்கு அழைத்துப் போகலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். யார் பொறுப்பு என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். ஐம்பது இருக்கை பஸ்ஸுக்கு வாடகை 14,000 ரூபாய். அறுபது பேருக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் 7,200. பதாகை 1,800. குழுவின் பெயர் அச்சிட்ட பனியன்கள் அறுபது, 12,600. ஐயா எழுதித் தந்த சிறு கையேடு இருநூறு பிரதி, 9,000. மொத்தம் 44,600 ரூபாய், அத்தனையும் என் கையிலிருந்து. வருகிறவர்களிடம் ஆளுக்கு 250 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம், மீதியைக் குழுவில் பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். எங்கும் எழுதவில்லை. பதிவு செய்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர். பணம் அன்றைக்குத் தந்தால் போதும் என்று நானே அறிவித்திருந்தேன்.

சனிக்கிழமை இரவு மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற காலம். இது எனக்குத் தெரியாததா? கொண்டாட்ட வாரம் வருகிறது என்று பார்த்தேனே ஒழிய, வானத்தைப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் ஏறியவர்கள் பத்தொன்பது பேர். அங்கே உள்ள குன்றுகளில் ஒன்றான மேலமலையின் பாறை நனைந்து வழுக்கியது. கல்லூரி மாணவர் ஒருவர் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி கொண்டு போயிருக்கவில்லை. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம். அவருடைய அம்மாவிடம் தொலைபேசியில் பேசியபோது என் குரல் நடுங்கியது. கூட்டத்தில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். மலையில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நான் முன்கூட்டி விசாரிக்கவில்லை என்பதை எந்த முகத்தோடு அவர்களிடம் சொல்வது?

ஆனாலும் அந்த நாளில் ஒரு நேரத்தை மறக்க முடியாது. அந்தக் குன்றில் இருக்கும் விசயாலய சோழீச்சரம் என்ற பழைய சிவன் கோயிலின் முன் நின்றோம். சதுரமான சுற்றுக்குள் வட்டமான கருவறை, சுற்றிலும் சிறு கோயில்கள், எதிரே பாறையைக் குடைந்து வடித்த பன்னிரண்டு திருமால் உருவங்கள். மழை சற்று விட்டிருந்தது. வாயிற்காவலர் சிலையருகே இருக்கும் கல்வெட்டை ஐயா காட்டினார். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டிய இந்தக் கற்கோயில் மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்று அது சொல்கிறது. கட்டியவன் பெயரும் இருக்கிறது, பழுது பார்த்தவன் பெயரும் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றபோது பஸ் வாடகை, மிஞ்சிய சோறு எல்லாம் மனத்தை விட்டுப் போய்விட்டன. பழுது பார்ப்பதும் கட்டியதற்கு இணையான காரியம் என்று யாரோ எனக்கென்றே எழுதிவைத்தது போலத் தோன்றியது. அந்த உற்சாகம்தான் மூன்று மாதம் கழித்து என்னைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

நடைப்பயணம் ஏற்பாடு செய்பவர்களுக்கு இங்கேயே சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இதற்குப் பொங்கலுக்குப் பிறகு மாசி கடைசி வரையான காலமே நல்லது. பாறைக் கோயில் என்றால் பங்குனி வெயிலிலேயே கால் பொரிந்துவிடும். கட்டணத்தைப் பதிவின்போதே வாங்கிவிடுங்கள். நூறு ரூபாயாவது முன்பணம் கட்டியவர் மழை பெய்தாலும் வருவார், வராவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை. இலவசமாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே பெரிது. சாப்பாட்டுக்கு முதல்நாள் மாலை எண்ணிக்கை சொன்னால் போதும் என்கிற சமையற்காரரைத் தேடிப் பிடியுங்கள். பனியன் வேண்டவே வேண்டாம். என் வீட்டுப் பரணில் இன்னும் நாற்பத்தொன்று கிடக்கின்றன. ஒரு வாரம் முன்னால் நீங்களே ஒருமுறை அதே பாதையில் நடந்து, தண்ணீர், கழிப்பறை, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் கூட்டமாக நிகழ்ச்சி நடத்தப் போவதை அந்தத் துறைக்கு எழுதித் தெரிவித்து, பதில் வந்தபின் அறிவிப்புக் கொடுங்கள். பதாகையைத் தூணில் கட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டம் வந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்பதைக் கூட்டத்திலேயே பேசி, எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பத்தொன்பது பேர் தந்த 4,750 ரூபாய் போக 39,850 ரூபாய் நட்டம் என்று குழுவில் கணக்குப் போட்டேன். மூன்று பேர் கும்பிடு போடும் படம் அனுப்பினார்கள். ஒருவர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். அதோடு சரி. கணக்கு எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். அலுவலகத்தில் ரசீது இல்லாமல் பத்து ரூபாய் கொடுக்க மாட்டேன். அதே நான் இங்கே ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் இத்தனை பணத்தை இறக்கியிருந்தேன். அன்றிரவு வெகுநேரம் அழுதேன்.

தை முடிந்தது. எங்கள் குழுவில் ஒருவருடைய சொந்த ஊரில் சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று பாழடைந்து கிடப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். கருவறைக்கு மேலிருந்த செங்கல் விமானம் விழுந்து மண்மேடாகிவிட்டிருந்தது. கருங்கல் அடித்தளம் பாதி புதைந்திருந்தது. அதன்மேல் அரசமரம் ஒன்று வேர்விட்டிருந்தது. உள்ளே ஓர் அப்பத்தா தினமும் அகல் விளக்கு ஏற்றுகிறார். வேறு பூசை கிடையாது. அப்பர் பெருமான் கையில் புல் செதுக்கும் உழவாரத்தோடு நிற்கும் கோலம் எத்தனை கோயில்களில் இருக்கிறது! நாமும் ஒரு கோயிலைச் செதுக்கி எடுத்துவிடலாம் என்று எல்லோருக்கும் ஆவேசம். ஊர்ப் பெரியவர் ஒருவர் தாராளமாகச் செய்யுங்கள் என்றார். அந்த வாய்வார்த்தையே அனுமதி என்று நினைத்துக்கொண்டோம். நன்கொடை கேட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். குழுவுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்பதால் என் எண்ணுக்கே ஜிபேயில் அனுப்பச் சொன்னேன். 21,500 ரூபாய் சேர்ந்தது.

மாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை எட்டு ஆட்களோடு வேலை தொடங்கியது. முதல்நாள் முழுதும் முள்வெட்டியதிலேயே போனது. இப்படிப் போனால் ஒரு மாதம் ஆகும், பொக்லைன் வைத்தால் ஒரே பகலில் மேட்டைத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மணிக்கு 1,200 ரூபாய், ஐந்து மணி நேரம். நான் சரி என்றேன். ஐயா அன்று வரவில்லை, உடம்பு சரியில்லை. அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு மதியம் மூன்று மணி இருக்கும். தென்பக்கத்து மண்ணை வாரிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பல் எதிலோ தட்டியது. ஓட்டுநர் பாறை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அந்தச் சத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். புதைந்திருந்த குமுத வரிக் கல்லில், அதாவது அடித்தளத்தில் புடைத்து ஓடும் கல்வரிசையில், ஒரு கை நீளத்துக்கு உடைந்து சிதறியிருந்தது. உடைந்த சில்லுகளில் எழுத்து. புத்தம்புதிதாக வெட்டியது போல, மண்ணுக்குள் வெயிலும் மழையும் படாமல் இருந்த எழுத்து. உட்கார்ந்து கையால் மண்ணைத் துழாவிச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். ஏழு துண்டுகள் தேறின. மற்றது கல்தூளாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் விடுங்கள் அம்மா, பழைய கல்தானே என்றார்கள்.

அதற்குள் ஊருக்குள் செய்தி வேறுவிதமாகப் பரவியிருந்தது. வெளியூர்க்காரர்கள் பொக்லைன் வைத்துத் தோண்டுகிறார்கள், புதையல் எடுக்கிறார்கள் என்று. ஐந்து மணிக்குக் காவல்துறையினர் வந்தார்கள். பொக்லைனை நிறுத்திவைத்தார்கள். அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டபோது என்னிடம் காட்ட எதுவுமில்லை. ஊர்ப் பெரியவர் அன்று ஊரில் இல்லை. குழுவில் பாதிப் பேர் நாலு மணிக்கே கிளம்பியிருந்தார்கள், மற்றவர்கள் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று நழுவினார்கள். பணம் என் கணக்கில் வந்தது, இயந்திரத்தை வரவழைத்தது என் எண்ணிலிருந்து. ஓட்டுநரும் நானும் காவல் நிலையத்தில் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருந்தோம். யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ‘திருட வந்தீர்களா’ என்ற சந்தேகம் நிறைந்த பார்வையை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. குழுவில் ஆறு பேருக்கு அழைத்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை, மற்றவர்களுடைய தொலைபேசி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. கடைசியில் காய்ச்சலோடு ஐயாதான் வந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பெண்களைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம் என்று ஒரு வழக்கறிஞர் தோழி பிறகு சொன்னாள். அன்று அவளுக்கு ஓர் அழைப்புச் செய்திருக்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போகும்போது அப்படி ஒருவருடைய எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரங்களில் ஒன்பது நாள் விடுப்பு எடுத்து அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எந்தப் பழைய கட்டடமானாலும் முதலில் அது யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டால் நிலம் கோயில் பெயரிலா, புறம்போக்கா, தனியாருடையதா என்று தெரிந்துவிடும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் அந்தத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், ஊர்ப் பெரியவரின் சம்மதம் அதற்கு ஈடாகாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதென்றால் நீங்கள் கை வைக்கவே முடியாது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஒரு பழைய செப்புக்காசுகூட அந்த மதிப்பைத் தாண்டிவிடலாம், அதைச் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் குற்றம். அனுமதிக் கடிதத்தின் ஒரு பிரதியைக் காவல் நிலையத்திலும், ஒரு பிரதியை ஊராட்சியிலும் கொடுத்துவிட்டு, வேலை தொடங்குவதற்கு முன் ஊர் மக்களை உட்காரவைத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். அதைச் செய்திருந்தால் புதையல் என்ற பேச்சே வந்திருக்காது. அந்த ஊர்க்காரர்கள்மீது எனக்குக் கோபமில்லை. தங்கள் கோயிலை அவர்கள் காவல் காத்தார்கள்.

வேலை செய்கிற முறையைப் பற்றி ஐயா பின்னர் சொல்லித் தந்தவையும் உண்டு. ஒரு கல்லைத் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், ஓர் அளவுகோலை அருகில் வைத்து. கல்வெட்டு என்றால் காலை அல்லது மாலைச் சாய்ந்த வெயிலில், இல்லையென்றால் இரவில் பக்கவாட்டு வெளிச்சத்தில். எழுத்து தெரியவேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்க வேண்டாம். 1887 முதல் மத்தியக் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகளில் ஊர் ஊராகப் படியெடுத்த விவரம் இருக்கிறது. உங்கள் கோயில் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் அன்று மண்ணுக்கு மேல் தெரிந்த வரிகள் மட்டுமே பதிவாகியிருக்கலாம். மண்ணை அகற்ற மண்வெட்டிகூடச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான், அதற்குள்ளே கொத்தனார் கரண்டியும் கையும்தான். இயந்திரம் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். அரசமரத்து வேரைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயர்ந்து வரும். கிளையை வெட்டி, மறுபடி துளிர்க்காதபடி செய்வதை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். சுவரைத் தேங்காய் நாரும் வெறும் தண்ணீரும் கொண்டு துடைத்தால் போதும். கம்பித் தூரிகை, அமிலம், மணல் வீச்சு மூன்றும் எழுத்தைத் தின்றுவிடும். உடைந்ததைச் சிமெண்ட் வைத்துப் பூசுகிறவர்களைத் தடுங்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது, பக்கத்துச் செங்கல்லும் கல்லும் பொரிந்து போகும். புதருக்குள் நுழையும் முன் கதண்டு என்கிற விஷவண்டின் கூடு இருக்கிறதா என்று மேலே ஒருமுறை பாருங்கள். அது கொட்டி உயிர் போனவர்கள் உண்டு.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. நன்கொடையைத் தனி ஆளின் கணக்கில் வாங்கவே கூடாது. செலவு பொக்லைன் 6,000, கூலி 9,600, சாப்பாடு 3,500, கருவிகளும் குப்பை அள்ளிய வண்டியும் 7,200, ஆக 26,300. வரவைவிட 4,800 அதிகம். அதையும் நான்தான் கொடுத்தேன். அலைச்சலுக்கு 3,200 போனது. அப்படியும் குழுவில் ஒருவர், நன்கொடையில் எவ்வளவு மிஞ்சியது என்று எல்லோருக்கும் தெரியும்படி கேட்டார். வங்கி அறிக்கையைப் படமெடுத்துப் போட்டேன். பதிலில்லை. நவம்பர் நட்டத்தோடு சேர்த்து மொத்தம் 47,850 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்ததில் ஒரு பகுதி அது. என் கணவரிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததுதான் எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும். ஐயாவும் நானும் இன்னும் ஐந்து பேரும் இப்போது விண்ணப்பித்திருக்கிறோம். பதிவு முடிந்து, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கும்வரை யாரிடமும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொண்டோம்.

உடைந்த துண்டுகளைப் பற்றித் தொல்லியல் துறைக்கு நாங்களே எழுதினோம். தண்டனை வரட்டும் என்றுதான் எழுதினேன். வந்து பார்த்த அலுவலர் துண்டுகளை ஒட்ட முயல வேண்டாம், எண் எழுதிய துணியில் சுற்றிக் கோயிலுக்குள்ளேயே வையுங்கள் என்றார். சித்திரையில் ஐயா அவற்றைத் தரையில் அடுக்கி வாசித்தார். இந்தக் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய, ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூறு’ கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள், அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து அளப்பார்கள். ஆடு சாகச் சாகக் குட்டி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே போவதால் மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியவேண்டும் என்ற சொற்களும் ஒரு துண்டில் இருந்தன. கொடுத்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஐயா விரல் நின்றது. அந்தப் பகுதிதான் தூளாகிப் போனது. பெயரின் கடைசி எழுத்து ‘ள்’ என்று மட்டும் தெரிகிறது. பெண்ணாக இருக்கலாம் என்றார் ஐயா. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மாலை ஆனதும் அப்பத்தா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். எங்கள் துண்டுகளைத் தாண்டிப் போய்த் திரியைத் தூண்டி விளக்கை ஏற்றினார். எத்தனை வருடமாக ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து என்றார். பெயரைக் கேட்டேன். என் பெயர் எதற்கம்மா என்று சிரித்துவிட்டுச் சொன்னார். துண்டுகளின் அளவுகளை எழுதிக்கொண்டிருந்த நோட்டில், தேதிக்குக் கீழே, அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன்.